பலி கொடுக்கும் டெக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கறுப்பு மனா:
மேஜிக் த கேதரிங் கார்டு விளையாட்டில் கமாண்டர் (ஒரு தலைவர் கார்டும் 99 கார்டும் வைத்து ஆடும் வகை) ஆடுகிறவர்கள் யாராவது பலி டெக், அதாவது சொந்த உயிரினங்களையே பலி கொடுத்து லாபம் பார்க்கும் கட்டு, கட்டியிருக்கிறீர்களா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெய்சா கார்லோவைத் தலைவராக வைத்துக் கட்டினேன். ஓர் உயிரினம் செத்து, அதனால் நம் கார்டு ஏதாவது வேலை செய்தால், இவள் இருக்கும்போது அது இரண்டு தடவை வேலை செய்யும். ஆசை யாரை விட்டது? உயிரினம் செத்தால் எதிராளியின் லைஃபைக் குறைக்கும் பிளட் ஆர்ட்டிஸ்ட், சுலாபோர்ட் கட்த்ரோட் என்று சாவில் லாபம் பார்க்கும் கார்டாகவே அள்ளிப் போட்டேன். முதல் நான்கு ஆட்டமும் தோல்வி.

நான்காவது ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசையில் ஆர்ட்டிஸ்டும் கட்த்ரோட்டும், ஆறு ஆவி டோக்கன்களும் (வேறு கார்டுகள் உண்டாக்கும் உயிரினங்கள்). எதிரே இருந்தவருக்கு ஐந்தே லைஃப். டோக்கன்கள் அப்போதுதான் வந்தவை, தாக்க முடியாது. பலி கொடுத்திருந்தால் ஆள் காலி. ஆனால் கொடுக்க வழி இல்லை. அடுத்த டர்னில் அவர் உயிரினங்களை மொத்தமாகத் துடைக்கும் ஃபேர்வெல் கார்டைப் போட்டார். அது கொல்லாது, எக்சைல் செய்யும், அதாவது ஆட்டத்தை விட்டே விலக்கிவிடும். யாரும் சாகவில்லை, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மனா (கார்டு போடச் செலவழிக்கும் சக்தி) செலவில்லாமல் நினைத்தபோது பலி கொடுக்க விடும் கார்டு 99-இல் மூன்றே மூன்று. மூன்றாவது டர்னுக்குள் பார்க்கும் பத்து கார்டில் அவற்றில் ஒன்றாவது வர 28 சதவீத வாய்ப்புதான். விசெரா சீயர், கேரியன் ஃபீடர், ஆஷ்னாட்ஸ் ஆல்டர் என்று சேர்த்து ஒன்பதாக்கினேன். 63 சதவீதம் ஆனது. மனசே இல்லாமல் ஐந்து லாபக் கார்டுகளை வெளியே எடுத்தேன்.

அப்புறம் அதே ஆள், அதே ஃபேர்வெல். இந்தத் தடவை டெய்சா, கட்த்ரோட், சீயர், எட்டு டோக்கன். “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எட்டையும் ஒவ்வொன்றாகப் பலி கொடுத்தேன். ஒவ்வொரு சாவுக்கும் எல்லா எதிராளிக்கும் இரண்டு லைஃப் போகும், மொத்தம் 16. மிச்சமிருந்த இருவரில் ஒருவருக்கு 13, இன்னொருவருக்குச் சரியாக 16. சீயர் கொடுத்த எட்டு ஸ்க்ரையை (கட்டின் மேல் கார்டைப் பார்க்கும் வாய்ப்பு) யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பூனைப் பகை:
நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து அடி வாங்கியவன். 2019 அக்டோபரில் த்ரோன் ஆஃப் எல்ட்ரைன் செட் வந்த பிறகு ஸ்டாண்டர்டில் (புதிய செட்டுகளை மட்டும் வைத்து ஆடும் வகை) எங்கே பார்த்தாலும் பூனையும் அடுப்பும்தான். கால்ட்ரன் ஃபெமிலியர், விட்சஸ் அவன், இரண்டும் ஒரு மனா. என் 6/6 உயிரினம் தாக்கும், பூனை தடுக்கும், அடி விழும் முன் எதிராளி பூனையை அடுப்பில் போட்டுப் பலி கொடுத்துவிடுவார். தடுத்தது தடுத்ததுதான். அடுப்பிலிருந்து சாப்பாட்டு டோக்கன் வரும், அதைப் பலி கொடுத்தால் பூனை திரும்பி வரும், வரும்போதே எனக்கு ஒரு லைஃப் போகும், அவருக்கு ஒன்று ஏறும். பக்கத்தில் மேஹெம் டெவில் நின்றால் கேட்கவே வேண்டாம்: பூனை ஒரு பலி, சாப்பாடு ஒரு பலி, இரண்டுக்கும் தனித்தனி அடி. 2020 ஆகஸ்டில் ஸ்டாண்டர்டில் பூனையைத் தடை செய்தார்கள். அன்றைக்குப் பாயசம் வைக்கலாமா என்று யோசித்தேன்.

வெள்ளைக் கட்சி:
பலி கொடுக்கும் கார்டு ஒன்பது வைத்தாலும் சரி, பத்தொன்பது வைத்தாலும் சரி, கிரேவ்யார்டுக்கு (செத்தவை போகும் குவியல்) போவதையெல்லாம் எக்சைல் செய்யும் ரெஸ்ட் இன் பீஸை நான் இரண்டு மனாவுக்குப் போட்டால் கடையை மூட வேண்டியதுதான். கிரேவ்யார்டுக்குப் போனால்தானே செத்ததாகக் கணக்கு? ஒரு நண்பர் இது தெரியாமல் நான்கு டோக்கனைப் பலி கொடுத்துவிட்டு என் லைஃபைக் குறைக்கச் சொன்னார். கார்டைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன், இரண்டு தடவை படித்தார். கறுப்பு மனா, இந்த மாதிரி மேசையிலேயே இருக்கும் மந்திரக் கார்டை, என்சான்ட்மென்ட்டை, உடைக்க எத்தனை கார்டு வைத்திருக்கிறீர்கள்?

கறுப்பு மனா:
ஒன்று இருந்தது. ஆல்டருக்கு இடம் வேண்டும் என்று போன வாரம்தான் எடுத்தேன்.