சுற்றித் திரிந்த கடுவன் பூனையை நாலாவது மாடி ஃபிளாட்டில் வைக்கலாமா, திருச்சியிலேயே விட்டுவிடலாமா?

வெள்ளைமீசை கேட்டது:

இரண்டு வயது கடுவன், நாட்டுப் பூனை, நாலு கிலோ. திருச்சியில் தனி வீடு. கொல்லை, பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை எல்லாம் அவன் ராஜ்ஜியம். சாப்பிட மட்டும் உள்ளே வருவான், ராத்திரி பூரா வெளியேதான். கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. ரேபிஸ் ஊசி ஒரே ஒரு தடவை போட்டது. கூடவே நாலு மாதப் பெட்டைக்குட்டி ஒன்று, அதற்கு இன்னும் எந்த ஊசியும் போடவில்லை.

அடுத்த மாதம் வேளச்சேரியில் நாலாவது மாடிக்குக் குடிபோகிறோம். இரண்டு பால்கனி, ஒரு சர்வீஸ் ஏரியா, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள். கீழே பார்க்கிங்கில் தெருநாய்கள் உண்டு. அம்மாவும் அப்பாவும் திருச்சியிலேயே இருக்கிறார்கள். கடுவனை அவர்களிடம் விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் கொண்டுபோகலாமா என்றும் யோசிக்கிறோம். "சுத்துன பூனைய அடைச்சு வைக்கிறது பாவம்" என்கிறார் அம்மா. மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

உள்ளேயா வெளியேயா என்பதற்கு முன்னால் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு மாதப் பெட்டை சினைபிடிக்கும் வயதைத் தொட்டுவிட்டது. ஆபரேஷன் ஆகாத கடுவனோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது வாரத்தில் குட்டிகள் வரும். இன்றைக்கே இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். கடுவனுக்கு இந்த வாரமே ஆபரேஷன் தேதி வாங்குங்கள். விதை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு அவனால் சினைப்படுத்த முடியும், எனவே குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் சேர்க்க வேண்டும். குட்டிக்கு ஐந்து மாதம் நெருங்கும்போது டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் அன்றே ரத்தம் எடுத்து எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ்), பூனை லுகீமியா வைரஸ் இரண்டுக்கும் கிட் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள். சண்டை போடும் கடுவன்களுக்குக் கடி வழியாக எஃப்.ஐ.வி. வருகிறது. லுகீமியா வைரஸ் ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதாலும் கூடப் பரவும். குட்டியோடு சேர்ப்பதற்கு முன்னால் இது தெரிந்தாக வேண்டும். சமீபத்தில் கடிபட்டிருந்தால் எஃப்.ஐ.வி. டெஸ்டை இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், அதற்குள் காட்டாமல் போகலாம்.

குட்டிக்கு மூன்று நோய்க்கான கூட்டு ஊசியை இப்போது ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து ஒன்று எனப் போட்டு, ரேபிஸையும் சேர்த்துவிடுங்கள். "வீட்டை விட்டே போகாத பூனைக்கு எதற்கு ஊசி" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று நோயில் ஒன்றான பான்லுகோபீனியாவின் வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், தரையில் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும். குட்டிகளில் பெரும்பாலானவை இதில் பிழைப்பதில்லை.

இனி உங்கள் கேள்வி. நாலாவது மாடியில் வெளியே விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. படி இறங்கிப் போய்த் திரும்பி வரும் என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டால் பார்க்கிங் நாய்கள் முதல் வாரத்திலேயே முடித்துவிடும். ஆனால் ஒரே நாளில் அடைப்பதும் தவறு. பழக்கத்தைத் திருச்சியிலேயே தொடங்குங்கள். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, அது போதும்.

முதல் வாரம் ராத்திரி மட்டும் உள்ளே. பகல் சாப்பாட்டைக் குறைத்து, பெரிய வேளையைச் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் வைத்து, பின்னாலேயே கதவைச் சாத்துங்கள். பூனைக்கு வேட்டை வேகம் ஏறுவது அந்திப் பொழுதிலும் விடியற்காலையிலும்தான், சண்டையும் விபத்தும் அதிகம் நடப்பதும் அப்போதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் கயிற்றில் கட்டிய இறகை ஓடவிட்டு விளையாட்டுக் காட்டுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, நக்கி, தூங்குவது அதன் இயல்பான வரிசை. அந்த வரிசை முடிந்துவிட்டால் கதவைப் பிராண்டுவது பாதியாகக் குறையும். அடுத்தடுத்த வாரங்களில் உள்ளே இருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசி வாரம் முழு நாளும் உள்ளே.

கத்தும். நிச்சயம் கத்தும். பத்து தடவை கத்தும்போது ஒரே ஒரு தடவை மனமிரங்கித் திறந்தாலும் போச்சு. இன்னும் நீளமாகக் கத்தினால் கதவு திறக்கும் என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகிறோம்.

மண்ணில் போய்ப் பழகியவன் கடையில் வாங்கும் லிட்டரை (பூனை மலஜலம் கழிக்கும் டிரேயில் போடும் மணல்) முதலில் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான். டிரேயில் இரண்டு அங்குல லிட்டர் போட்டு, மேலே கொல்லையில் அவன் வழக்கமாகத் தோண்டும் இடத்து மண்ணை ஒரு கை தூவுங்கள். நாளாக ஆக மண்ணைக் குறையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று டிரே, மூன்றையும் ஒரே மூலையில் அடுக்காமல். டிரேயின் நீளம் பூனையின் உடம்பு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் விற்பவை பெரும்பாலும் சின்னவை, துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தை வெட்டினால் சரியாக இருக்கும்.

பயணத்தன்று நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் கூண்டைத் திறக்கவே கூடாது, பூனைகள் தொலைவது அங்கேதான். வந்ததும் முதல் வாரம் ஒரே அறை. திருச்சியில் படுத்த பழைய துணியைத் துவைக்காமல் அங்கே விரியுங்கள்.

கம்பிவலை எழுதியது:

பால்கனி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பணம் செலவழித்தும் ஏமாறுவது இதில்தான்.

புறா வலை போடும் ஆட்கள் புறாவை நினைத்தே போடுவார்கள். புறா வெளியிலிருந்து வந்து மோதும், வலை மேலே இறுக்கமாக இருந்தால் போதும். பூனை உள்ளிருந்து தள்ளும், கீழ் மூலையாகப் பார்த்துத் தலையை நுழைக்கும், பல்லால் கடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒற்றை இழை வலை பூனையின் கடைவாய்ப் பல்லுக்குத் தாங்காது. பல புரி முறுக்கி முடிச்சுப் போட்ட வலையாகக் கேளுங்கள், வெயில் தாங்கும் ரகமாக. கண் அளவு ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு அங்குலக் கண்ணில் குட்டியின் தலை போய்விடும், தலை போனால் உடம்பும் போகும். நிறம் கறுப்பு வாங்குங்கள், உள்ளிருந்து பார்க்கும்போது வெள்ளையைவிடக் கண்ணை உறுத்தாது.

வலையைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மட்டும் கட்டிவிட்டு, கீழே கிரில்லை அப்படியே விட்டுவிடுவார்கள். மேல் ஸ்லாபிலிருந்து தரை ஸ்லாப் வரை ஒரே வலையாக, கிரில்லுக்கு வெளிப்பக்கம் வர வேண்டும். கொக்கிகளை ஓர் அடிக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள், வழக்கமாக இரண்டு அடிக்கு ஒன்றுதான் வைப்பார்கள். துருப்பிடிக்காத 304 ஸ்டீல் கொக்கி வாங்குங்கள். சென்னை உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி சீக்கிரமே அரித்துப்போய், துரு வலையின் ஓரத்தை அறுக்கும். ஸ்லாபின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி ட்ரில் செய்ய வேண்டும், ஓரத்தில் துளைத்தால் காங்கிரீட் சில்லு பெயர்ந்து கொக்கி ஆடும். வலையின் நாலு ஓரத்திலும் நாலு மில்லி கயிறு கோத்து, அந்தக் கயிறுதான் கொக்கியில் மாட்ட வேண்டும், வலையின் கண் அல்ல. ஆள் போவதற்குள் ஒவ்வொரு இரண்டு கொக்கிக்கு நடுவிலும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மூன்று விரல் நுழையும் இடைவெளி விழுந்தால் அங்கே இன்னொரு கொக்கி.

ஸ்டீல் கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டும் இன்விசிபிள் கிரில் குழந்தைகளுக்குச் சரி. கம்பிக்குக் கம்பி இரண்டு மூன்று அங்குலம் இருப்பதால் உங்கள் குட்டி சர்வசாதாரணமாக வெளியே போய்விடும். அது ஏற்கனவே இருந்தால் அதன்மேல் வலை போடுங்கள்.

எல்லோரும் மறக்கும் ஓட்டைகள் இவை: பால்கனித் தரையின் மழைநீர்க் குழாய் வாய், எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய துளை, பாத்ரூம் ஜன்னலின் சாய்வுக் கண்ணாடிகள். பாத்ரூம் ஜன்னல்தான் மோசம். கண்ணாடிப் பட்டை ஒன்று நழுவினாலும் பூனை, குழாய்கள் இறங்கும் பின்பக்க டக்ட்டுக்குள் விழும், நாலு மாடி ஆழத்தில் எடுக்க வழியே இருக்காது. வெளிப்பக்கம் ஒரு அங்குல வெல்ட் மெஷ் அடித்துவிடுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் கொசுவலைச் சட்டத்தைப் பூனை காலால் நகர்த்தித் திறக்கும். தண்டவாளத்தில் ஸ்டாப்பர் போட்டு, ஃபைபர் வலையை ஸ்டீல் வலையாக மாற்றுங்கள்.

பூனை எப்போதும் காலூன்றியே விழும், ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலூன்றி விழுந்தாலும் தாடை உடைகிறது, மேலண்ணம் பிளக்கிறது, நெஞ்சுக்குள் காற்றுக் கசிகிறது. எழுந்து நடந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

கொல்லைப்புறம் எழுதியது:

குட்டி விஷயத்தில் மேலே சொன்னவர்களோடு உடன்படுகிறேன். கடுவன் விஷயத்தில் அம்மா பக்கம் நிற்கிறேன், சில கண்டிப்புகளோடு.

இரண்டு வருடம் ஓடு ஏறித் திரிந்தவனுக்குத் தெரிந்த வீடு, தெரிந்த ஆட்கள், சோறு வைக்க ஆள் எல்லாம் திருச்சியில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து, வருடாவருடம் ரேபிஸ் ஊசி போட்டு, அந்தி முதல் விடியும்வரை வீட்டுக்குள் அடைக்க அம்மாவால் முடியும் என்றால் அங்கே இருக்கட்டும். ராத்திரி அடைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் சென்னைக்குக் கொண்டுபோங்கள். நடுவழி கிடையாது.

இங்கிலாந்தில் எல்லோரும் பூனையை வெளியே விடுகிறார்களே என்று சிலர் வீடியோ காட்டுவார்கள். அங்கே நாய்வழி ரேபிஸ் இல்லை, தெருநாய்க் கூட்டமும் இல்லை. நம் தெருவுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனை எதுவும் வெளியே திரியக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது அங்குள்ள சிறு விலங்குகளையும் பறவைகளையும் காப்பதற்காக.

நம் கொல்லையிலும் அணிலும் தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் இருக்கின்றன. கழுத்தில் மணி கட்டினால் போதும் என்பது நம்பிக்கை மட்டுமே. எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் மணியால் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை. தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. வெறும் ரசம்சாதத்தில் வளரும் பூனை ஓணானைத் தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை. கழுத்துப்பட்டை கட்டினால் இழுத்தால் தானே அவிழும் ரகம் மட்டும். சாதாரண பக்கிள் பட்டையில் முன்னங்கால் மாட்டி அக்குளை அறுத்துவிடும்.

சுற்றுச்சுவர் ஆறடி இருந்தால் சுவர் உச்சியில் உருளை போடலாம். 20 மில்லி இரும்புக் குழாயின்மேல் 75 மில்லி பி.வி.சி. குழாயை ஒவ்வொரு மீட்டராக வெட்டி, சுழலும்படி கோத்து, எல் வடிவத் தாங்கியில் சுவரின் உட்பக்க விளிம்பில் மாட்ட வேண்டும். பூனை தாவி முன்னங்காலைப் பதிக்கும்போது குழாய் சுழன்று உள்ளேயே இறக்கிவிடும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் பக்கத்து ஓட்டுக்கூரை ஒட்டியே இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பக்கம் அடைக்காவிட்டால் உருளைக்குச் செலவழிப்பது வீண்.

அக்கம்பக்கத்தில் எலிமருந்து வைக்கிறார்களா என்று அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். கேக் வடிவில் வரும் புரோமாடியோலோன் தின்ற எலியைப் பூனை தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும், மூக்கில் ரத்தம் வரும். சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், சிகிச்சை மூன்று நாலு வாரம் தொடர வேண்டும்.

வெள்ளைமீசை எழுதியது:

மிக்க நன்றி. அம்மாவிடம் பேசினேன், ராத்திரி அடைப்பது தன்னால் முடியாது என்கிறார். ஆக இரண்டும் சென்னைக்குத்தான். கர்ப்பம் பற்றி யாரும் சொல்லவில்லையே? தினமும் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போதுமா?

தாழ்வாரம் எழுதியது:

ஃபினாயிலை முதலில் நிறுத்துங்கள். தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் கறுப்பு ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்து காலை நக்கினாலே உள்ளே போகும். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். அந்துருண்டை, நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து, பாராசிட்டமால் மாத்திரை, பூச்செண்டில் வரும் லில்லி எல்லாம் பூனைக்கு விஷம். லில்லியின் மகரந்தம் உடம்பில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போகும்.

கர்ப்பத்தில் பயப்பட வேண்டியது கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்குத்தான். அது பூனையின் மலத்தில் வெளியேறுவது, பூனைக்குப் புதிதாகத் தொற்றிய பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும்தான். வெளியே வந்ததும் தொற்றாது, ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். டிரேயைத் தினமும் நீங்கள் அள்ளிப் போட்டால் அந்த வழி அடைபடும். மனைவி டிரேயைத் தொட வேண்டாம். பச்சை இறைச்சியைப் பூனைக்கும் கொடுக்காதீர்கள், அரைவேக்காட்டுக் கறியை அவரும் தவிர்க்கட்டும், கீரையை நன்றாகக் கழுவட்டும். பூனையைத் தடவுவதால் வராது. பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி உறவினர்கள் நெருக்கினால் மகப்பேறு டாக்டரிடமே கேளுங்கள்.

ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கும் நாலு கிலோ கடுவனுக்கு நாளைக்கு 200 கலோரி சுமார். உலர் உணவு என்றால் 50, 55 கிராம், எடைபோட்டு நாலு வேளையாக. கிண்ணத்தை நிரப்பியே வைத்தால் ஆறு மாதத்தில் குண்டாகிவிடுவான். பால்சோறும் மீன்சோறும் மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும். வாரம் சில நாள் ஈர உணவு கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு இடத்தில் வையுங்கள்.

நகத்துக்கு ஒரு கம்பம் வேண்டும். நாலு அங்குல பி.வி.சி. குழாயை மூன்றடி வெட்டி, கனமான பலகையில் நிறுத்தி, தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். ஆடினால் இரண்டாவது தடவை தொட மாட்டான்.

கடைசியாக, வீட்டுக் கடுவன்களுக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொள்ளும். டிரேயில் அடிக்கடி போய் முக்குவது, கத்துவது, மண்ணில் ஈரம் இல்லாதது, குறியை நக்கிக்கொண்டே இருப்பது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இரண்டு நாளில் உயிர் போகும். அறிகுறி தெரிந்த அன்றே, ராத்திரி என்றாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வேளச்சேரிக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் இயங்கும் கால்நடை மருத்துவமனை எது என்று குடிபோகும் முன்பே விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள்.