சுசாகி தோத்தது மனசாலயா?

கொங்குவாசி: பக்கத்து இழையில ஒரு மேதை எழுதியிருக்கார்: "தப்பையே நினைச்சு மருகுறவங்க மல்யுத்தத்துக்கு லாயக்கில்லை, பாரிஸ் ஒலிம்பிக்ல ஜப்பான் சுசாகி நம்ம வினேஷ் போகாட்கிட்ட தோத்ததே அதனாலதான்". ஆட்டத்தைப் பார்த்தாரா? கடைசி சில விநாடி வரைக்கும் சுசாகிதான் 2-0. மருகுறதுக்கு அங்க என்ன தப்பு நடந்துச்சு?

வைகைக்கரை: எழுதுனது நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம். அந்த 2-ம் பேசிவிட்டி பாயிண்ட், அதாவது எதிராளி மந்தமா ஆடுனதுக்குக் கிடைச்சது. எதிராளியைக் கீழ சாய்ச்சு அடக்குற டேக்டவுன் ஒண்ணுகூட இல்லை. மனசு முதல்லயே பம்மிருச்சு.

கொங்குவாசி: மந்தமா ஆடுனா நடுவர் வைக்கிற 30 விநாடி கெடுவுக்குள்ள வினேஷ் புள்ளி எடுக்கலை, அதனால சுசாகிக்குப் போச்சு. ரெண்டு தடவை. பம்முனவங்களுக்கா அது கிடைக்கும்? டோக்கியோவுல ஒரு புள்ளிகூட விடாம தங்கம் வாங்குன ஆளுங்க அது.

வைகைக்கரை: டேக்டவுன் உண்டா, இல்லையா?

மண்மேடு: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். டோக்கியோ அரையிறுதியில ரவி தாஹியா 2-9ன்னு பின்னாடி நின்னார். கொடுத்த 9 புள்ளியை எண்ணிட்டு இருந்திருந்தா எதிராளி சனாயேவை முதுகு பதியச் சாய்ச்சிருக்க முடியுமா?

கொங்குவாசி: ஆட்டத்துக்குள்ள மறக்கிறது வேற, ஆட்டம் முடிஞ்சு ராத்திரி பூரா அதையே ஓட்டிப் பாக்கிறது வேற சார். சுசாகி மறுநாளே வந்து உக்ரைன் லிவாச்சை 10-0ன்னு முடிச்சு வெண்கலம் எடுத்தாங்க. மனசு உடைஞ்ச ஆளா அது?

வைகைக்கரை: வெண்கலத்துக்கு 10-0 அடிச்சு என்ன பிரயோஜனம்? வினேஷ் மேல ஒரு டேக்டவுன் காட்டுங்க, இழையை விட்டே போறேன்.

கொங்குவாசி: போன வருஷம் செஸ் இழையிலயும் இப்படித்தான் போறேன்னீங்க. நாங்களும் கையசைச்சு வழியனுப்பினோம்.

ஆத்தூரான்: மனவலிமைன்னா வினேஷ்தான்யா. ரியோவுல முட்டி போச்சு, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. எட்டு வருஷம் கழிச்சு ஒலிம்பிக் ஃபைனல் வரைக்கும் வந்தாங்க.

மண்மேடு: வந்து? எடை 100 கிராம் கூடன்னு ஃபைனல் ஆடவே விடலை.

ஆத்தூரான்: அதை இழுக்காம உங்களுக்குத் தூக்கம் வராதே! ராத்திரி பூரா ஓடி, முடியைக்கூட வெட்டுனாங்க. நீங்க காலையில டீக்கடைக்கு நடந்து போயிருக்கீங்களா?

மண்மேடு: மல்யுத்த வீரர் அமன் செராவத்தும் அதே பாரிஸ்ல ஒரே ராத்திரியில 4.6 கிலோ இறக்குனார். அவர் மட்டும் என்ன மந்திரமா போட்டார்?

கொங்குவாசி: ரெண்டு பேரும் எடை இழைக்குப் போங்க. வைகை சார், கடைசி விநாடியில டேக்டவுன் போட்டது வினேஷ், ஒத்துக்கிறேன். அது வினேஷோட வேகம். சுசாகி மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு மதுரையில இருந்துட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

வைகைக்கரை: ஆக, சுசாகி டேக்டவுன் போடலை. நன்றி.

கொங்குவாசி: எதுக்கு நன்றி? நான் எதையும் விட்டுக்கொடுக்கலை. மேல போய்த் திரும்பப் படிங்க.