பிளட்ஷாட் ரெக்கார்ட்ஸ் எல்பி வாங்க வேண்டும்: எதை முதலில் வாங்கலாம்?

ஓஎம்ஆர் இரவுப்பணி:

எல்லோருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் இரவு ஷிஃப்டில் வேலை. விடியற்காலையில் வீடு திரும்பும் கேபில் அமெரிக்கப் பாடகர் ரயன் ஆடம்ஸின் 'ஹார்ட்பிரேக்கர்' ஆல்பம் கேட்க ஆரம்பித்து, இப்போது அது இல்லாமல் பயணமே ஓடுவதில்லை. அதை வெளியிட்டது சிகாகோவின் பிளட்ஷாட் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் என்று தெரிந்ததும் அந்த லேபிளின் மற்ற ஆல்பங்களைத் தேடினேன். பாடகி நீகோ கேஸ் வரை வந்திருக்கிறேன். அதற்கு மேல் கடல் மாதிரி இருக்கிறது.

சித்தி பையன் சிகாகோவில் படிக்கிறான். மார்கழி விடுமுறைக்கு வரும்போது மூன்று நான்கு எல்பி இசைத்தட்டுகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். 'ஹார்ட்பிரேக்கர்' கட்டாயம் உண்டு. அது போக எதையெல்லாம் சொல்லலாம்?

இன்னொரு சந்தேகம். ஆல்ட்-கன்ட்ரி என்கிறார்களே, அது சாதாரண கன்ட்ரியிலிருந்து எந்த விதத்தில் வேறு? இணையத்தில் பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு வேண்டியது, கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது.

பெரம்பூர் லோகோ:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் எந்த எல்பி என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

நான் வளர்ந்தது பெரம்பூரில், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் சோறும் உருண்டைக்கறியும் தயாராகும், கூடவே ஜன்னல் வழியாக ஜிம் ரீவ்ஸ் குரல் வரும். அவ்வளவு மென்மையான குரல் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்புறம் சென்னையில் சிடி கடைகள் ஓஹோ என்று நடந்த காலத்திலும் கன்ட்ரி ரேக் என்றால் ஜிம் ரீவ்ஸ், கென்னி ரோஜர்ஸ், ஜான் டென்வர்தான் முன்னால் நிற்பார்கள். ஆக நம் ஊர்க்காரர்களுக்கு கன்ட்ரி என்றாலே வழுவழுவென்று இருக்கும் பாட்டு.

அந்த வழுவழுப்பு தானாக வந்ததல்ல. 1950களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அடித்துவிட்டது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் தயாரிப்பாளர்கள், குறிப்பாக ஆர்சிஏ இசை நிறுவனத்தில் இருந்த செட் அட்கின்ஸ், ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் குழுவையும் கோரஸையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்து வானொலிகளிலும் பாட்டு ஓட வேண்டும் என்பது கணக்கு. ஜிம் ரீவ்ஸ் அந்த பாணியின் மகுடம். அவரை நான் இன்றும் கேட்கிறேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதையிலேயே நாஷ்வில் முப்பது வருஷம் போய், 1990களில் ஸ்டேடியம் நிரப்பும் பெரும் வியாபாரமாக ஆனபோது, பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டில் இருந்த வலியும் சாராய நெடியும் வானொலியில் இல்லாமல் போயிருந்தது.

அதைத் தேடிக் கிளம்பியவர்கள் யார் என்று பாருங்கள். தென் மாநிலத்து விவசாயிகள் இல்லை. பங்க் என்ற முரட்டு ராக் இசை கேட்டு வளர்ந்த வடக்கத்தி நகரத்துப் பிள்ளைகள். சிகாகோவில் நேன் வார்ஷா, ராப் மில்லர், எரிக் பாப்காக் என்று மூன்று பேர் சேர்ந்து, ஊரில் பார்களில் இந்த மாதிரி வாசித்துக்கொண்டிருந்த குழுக்களைத் திரட்டி 1994இல் ஒரு தொகுப்பு போட்டார்கள். பெயர் 'ஃபார் எ லைஃப் ஆஃப் சின்'. ஒரு தொகுப்பு போடலாம் என்று இறங்கியது ஒரு லேபிளாகவே ஆகிவிட்டது. தங்கள் இசையை 'இன்சர்ஜென்ட் கன்ட்ரி', அதாவது கலகக்கார கன்ட்ரி என்று அழைத்தார்கள். நீங்கள் கேட்ட ஆல்ட்-கன்ட்ரி இதுதான். கன்ட்ரியைக் கிண்டல் செய்ய வந்தவர்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்குக் கோபம் வரும். அந்தத் தொகுப்பில் ஃப்ரீக்வாட்டர் குழு பாடும் விதத்தைக் கேளுங்கள், கிண்டல் செய்கிறவர்கள் அப்படிப் பாட மாட்டார்கள்.

சரி, எல்பிக்கு வருகிறேன்.

நீகோ கேஸ் கேட்டிருக்கிறீர்கள் என்றால் 'ஃபர்னஸ் ரூம் லல்லபை' (2000) வாங்குங்கள். அவர் முன்பு வான்கூவரில் பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இந்த ஆல்பத்தில் அவர் வளர்ந்த டக்கோமா பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. யாரும் பெருமையாகச் சொல்லாத ஒரு ஊரை அவ்வளவு பாசத்தோடு பாடியிருப்பார். வடசென்னைக்காரியான எனக்கு அந்தப் பாட்டு நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த 'பிளாக்லிஸ்டெட்' (2002) இன்னும் நுட்பமானது என்பார்கள், உண்மைதான். அதை டூசானில் கலெக்ஸிகோ குழுவினரோடு பதிவு செய்தார். இருட்டில் தனியாகக் கேட்க வேண்டிய ஆல்பம். உங்கள் கேப் பயணத்துக்கு அது பொருந்தும். முதல் எல்பியாக நான் 'ஃபர்னஸ் ரூம்' பக்கம்தான்.

ஆனால் பிளட்ஷாட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ராபி ஃபல்க்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 1994 தொகுப்பிலேயே அவர் இருக்கிறார். நாஷ்வில்லுக்குப் போய்ப் பாட்டெழுதும் வேலையும் பார்த்திருக்கிறார். அந்த ஊர் மேல் வந்த எரிச்சல் முழுவதும் 'சவுத் மவுத்' (1997) ஆல்பத்தில் ஒரு பாட்டாக வெடிக்கிறது. தலைப்பை இங்கே எழுத முடியாது. வேடிக்கை என்னவென்றால் இசை அத்தனை சுத்தமான பழைய கன்ட்ரி, நாஷ்வில்லே வெட்கப்படும் அளவுக்கு. அதைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. நிர்வானா ராக் குழுவின் 'இன் யூட்டரோ'வைப் பதிவு செய்த அதே மனிதர். மைக் வைத்துவிட்டு வாசிப்பவர்கள் வழியில் குறுக்கிடாமல் இருந்ததுதான் அவர் வேலை செய்த முறை. ஃபிடிலின் வில் கம்பியில் உரசுவது கூடக் கேட்கும். ஜிம் ரீவ்ஸ் ரெக்கார்டையும் இதையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து அதே ஃபல்க்ஸ், அதே லேபிளில், மறுபடி அல்பினியோடு 'அப்லேண்ட் ஸ்டோரிஸ்' (2016) செய்தார். 1930களில் அலபாமாவின் குத்தகை விவசாயிகளைப் பற்றி ஜேம்ஸ் ஏஜி எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த பாட்டுகள் அதில் உண்டு. கோபமெல்லாம் வடிந்து, கிட்டாரும் நிதானமான குரலும்தான் முன்னால் நிற்கும். இரண்டு கிராமி பரிந்துரைகள் வந்தன. புகழ் வந்ததும் பெரிய நிறுவனத்துக்குப் போனவர்களைப் பற்றித்தான் எல்லாப் பட்டியலும் பேசுகிறது. ரயன் ஆடம்ஸ் ஒரே ஆல்பத்தோடு போய்விட்டார். ஓல்ட் 97ஸ் குழுவினர் 'ரெக் யுவர் லைஃப்' (1995) போட்டுவிட்டு எலெக்ட்ராவுக்குப் போனார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு லேபிளை நேசிக்கிறேன் என்றால், அங்கே தலை நரைத்தவர்களைக் கேட்காமல் எப்படி? வேறொரு இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் ஃபல்க்ஸ். என்னைக் கேட்டால் 'அப்லேண்ட் ஸ்டோரிஸ்'தான் பிளட்ஷாட்டின் ஆகச் சிறந்த ஆல்பம்.

ஓல்ட் 97ஸ் பெயர் 1903இல் வர்ஜீனியாவில் கவிழ்ந்த தபால் ரயிலைப் பற்றிய பழைய பாட்டிலிருந்து வந்தது. ரயில்வே குடும்பத்துப் பெண் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

குரோம்பேட்டை பேஸ்:

அக்கா எழுதியதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன் என்பதால் ஒன்று மட்டும்.

ஸ்ப்ளிட் லிப் ரேஃபீல்ட் என்று கான்சஸ் மாநிலத்துக் குழு. டிரம்ஸ் கிடையாது. பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஒரு பேஸ். அந்த பேஸ் ஒரு பழைய மெர்க்குரி காரின் பெட்ரோல் டேங்கில் ஒரு கட்டையைப் பொருத்தி ஒரே ஒரு கம்பி கட்டியது. கம்பி என்றாலும் உலோகம் இல்லை, புல் வெட்டும் மெஷினில் சுற்றி வரும் நைலான் கயிறு. அதை வைத்து ஜெஃப் ஈட்டன் ஓட்டும் வேகத்தைப் பார்த்த பிறகு, விலை உயர்ந்த பேஸ் வாங்க வேண்டும் என்று நான் வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டேன். 'நெவர் மேக் இட் ஹோம்' (2001) கேளுங்கள். வேகமான பாட்டுகளுக்காக உள்ளே போவீர்கள், மெதுவான பாட்டுகளில் மாட்டிக்கொள்வீர்கள். அதில் பாடிய கர்க் ரண்ட்ஸ்ட்ரம் 2007இல் புற்றுநோயில் இறந்துபோனார். அது தெரிந்த பின் அந்தக் குரலைக் கேட்பது வேறு அனுபவம்.

ஒரு எல்பிதான் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் நான் ஜஸ்டின் டவுன்ஸ் ஏர்லின் 'ஹார்லெம் ரிவர் புளூஸ்' (2010) சொல்வேன். தலைப்புப் பாட்டு கோயிலில் கைதட்டிப் பாடுவது போல உற்சாகமாக இருக்கும். வரிகளைக் கவனித்தால் ஆற்றில் மூழ்கிச் சாகப் போகிறவன் பாடுகிறான். 2011இல் அமெரிக்கானா விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல் அதுதான். 38 வயதில், 2020இல் போய்விட்டார். அவர் பெருவிரலால் கிட்டாரை அடிக்கும் முறை தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மயிலை பழைய புத்தகம்:

இசை எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். நான் சேர்ப்பது பழைய பாட்டுப் புத்தகங்கள். அந்த வழியாகத்தான் இந்த லேபிளுக்குள் வந்தேன்.

சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஒரு கொலை நடந்தால் போதும், மலிவான தாளில் சிந்து அச்சாகிவிடும். யார் வெட்டினான், ஏன் வெட்டினான், தூக்குமேடையில் என்ன சொன்னான் வரை பாட்டிலேயே வரும். அமெரிக்க நாட்டுப்புறத்திலும் கொலைப் பாட்டு என்றே ஒரு பெரும் மரபு உண்டு. ஜான் லாங்ஃபோர்ட் என்ற வேல்ஸ்காரர், மீகான்ஸ் குழுவில் இருந்தவர், சிகாகோவில் குடியேறியவர், பாட்டுக்காரரும் ஓவியருமாக இருப்பவர், 2002இல் பைன் வேலி காஸ்மோநாட்ஸ் என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி அந்தக் கொலைப் பாட்டுகளை எல்லாம் பாட வைத்தார். ஆல்பத்தின் பெயர் 'தி எக்ஸிக்யூஷனர்ஸ் லாஸ்ட் சாங்ஸ்'. ஸ்டீவ் ஏர்ல், நீகோ கேஸ் எல்லாம் பாடியிருக்கிறார்கள். விற்ற பணம் மரண தண்டனைக்கு எதிராக இல்லினாயில் வேலை செய்தவர்களுக்குப் போனது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் துணிவு. கொலையைக் கொண்டாடும் பாட்டு, தூக்கைக் கொண்டாடும் பாட்டு, இரண்டையும் எடுத்துத் தூக்குக்கு எதிராகவே நிறுத்தியிருக்கிறார்கள். இல்லினாய் ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2003 ஜனவரியில் பதவிக்காலம் முடிவதற்கு முன் அங்கே மரண தண்டனைக் கைதிகளாக இருந்த அத்தனை பேரின் தண்டனையையும் குறைத்தார். 2011இல் அந்த மாநிலம் மரண தண்டனையையே நீக்கியது. அதே 2011 ஆகஸ்டில் நம் சட்டசபை ராஜீவ் கொலை வழக்கு மூவரின் தூக்கைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டதும், உயர்நீதிமன்றத்தில் தடை வந்ததும் நினைவிருக்கும். அந்த வாரத்தில் இந்த ஆல்பத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டேன்.

லாங்ஃபோர்டின் இன்னொரு குழு வாகோ பிரதர்ஸ். தொழிற்சங்கக் கூட்டத்தில் கன்ட்ரி வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி. 'கவ்பாய் இன் ஃபிளேம்ஸ்' (1997) சத்தமாகக் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு இடைவேளையில் 'அப்லேண்ட் ஸ்டோரிஸ்' கேட்டேன். 'அலபாமா அட் நைட்' முடிந்ததும் ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. அக்கா, அது பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இப்போதைக்கு: ஹார்ட்பிரேக்கர், ஃபர்னஸ் ரூம் லல்லபை, அப்லேண்ட் ஸ்டோரிஸ், ஹார்லெம் ரிவர் புளூஸ். பாடகர் அலெஹான்ட்ரோ எஸ்கோவெடோவை யாருமே சொல்லவில்லையே? ஒரு இடத்தில் மிக உயர்வாக எழுதியிருந்தார்கள். அப்புறம் லேபிள் இன்னும் நடக்கிறதா?

பெரம்பூர் லோகோ:

எஸ்கோவெடோவை நான் வேண்டுமென்றே உங்கள் இரண்டாவது சுற்றுக்கு வைத்திருந்தேன். 'எ மேன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (2001). மெக்சிகோ வழி வந்த டெக்ஸாஸ் குடும்பம். அவரும் பங்க் ஆள்தான், 1978இல் பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் அமெரிக்கப் பயணத்தின் கடைசிக் கச்சேரியில் அவர் இருந்த நன்ஸ் குழுவும் வாசித்தது. இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு எல்லை தாண்டிப் போகிறவர்களைப் பற்றியது. செல்லோவும் கிட்டாரும் சேர்ந்து வரும்போது, வழியனுப்பப் போன ஸ்டேஷன் பிளாட்பாரம் எல்லாம் எனக்கு ஞாபகம் வரும். சித்தி பையன் பெட்டியில் ஐந்தாவதுக்கு இடம் இருந்தால் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

லேபிள் பழையபடி இல்லை. 2019இல் வார்ஷா விலகினார், உள்ளுக்குள் நிறைய மனக்கசப்பு. 2021இல் எக்செலரேஷன் மியூசிக் என்ற நிறுவனம் வாங்கியது. பழைய ஆல்பங்கள் கிடைக்கின்றன, மறுபதிப்புகளும் வருகின்றன. ஆனால் பெட்டியில் புதுப் பதிப்பு வந்தாலும் பழைய பதிப்பு வந்தாலும் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: எல்பியைக் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் உறையின் மூலை மடங்கும், ரெக்கார்டும் வளையலாம். வந்ததும் நிமிர்த்தி நிற்க வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் உறைகள் ஒட்டிக்கொண்டு பூசணமும் பிடிக்கும். பெரம்பூர் பக்கம் வந்தால் சொல்லுங்கள், 'சவுத் மவுத்' என்னிடம் இருக்கிறது, சேர்ந்து கேட்கலாம்.