நாடிக்கு சிலிக்கன் வைக்கிற ஒப்பரேசன், ஆராவது செய்திருக்கிறீங்களா?

கண்டாவளை26:
வணக்கம் எல்லாருக்கும். எனக்கு 26 வயசு. நேர பாத்தா பிரச்சினை இல்லை, பக்கவாட்டில பாத்தா நாடி உள்ளுக்கு போய் மூக்கு மட்டும் தனிய நீட்டிக்கொண்டு நிக்கும், அக்கான்ட கலியாண அல்பத்தில நான் நிக்கிற பக்கம் வந்தா கெதியா பிரட்டிடுவன். கனடா மாமா காசு அனுப்புறன் எண்டுறார். அம்மா "இருக்கிற முகத்த வெட்டப்போறியோ" எண்டு ரெண்டு நாளா கதைக்கிறேல்ல. செய்த ஆக்கள் உண்மைய சொல்லுங்கோ.

ஓமந்தை பெடியன்:
நான் சென்னையில செய்தனான். நாடிக்கு கீழ சின்னனா வெட்டி எலும்புக்கு மேல வைச்சவை, சில பேருக்கு வாய்க்குள்ளாலயும் வைப்பினம். ஒப்பரேசன் ஒரு மணித்தியாலம் தான், கஷ்டம் பிறகுதான். கீழ்ச்சொண்டு விறைச்சுப் போச்சு, பிளேன்ரீ குடிக்க அது வழிஞ்சு சேட்டில ஊத்தினதே தெரியேல்ல, தங்கச்சி சொல்லித்தான் துடைச்சனான். ரெண்டு மாசத்தில உணர்ச்சி வந்திட்டுது, ஆனா நரம்பு மோசமா அடிபட்டா வராமலே விடலாம் எண்டு முதலே சொன்னவை. கிருமி பிடிச்சா பெரும்பாலும் கழட்டத்தான் வேணும். வீக்கம் முழுக்க இறங்க மாசக்கணக்கு, ரெண்டாம் கிழமையே கண்ணாடியப் பாத்து அழாதேங்கோ.

நெடுங்கேணி அக்கா:
தங்கச்சி, காசைப் பற்றி யோசிக்க முதல் பல்லக் கடிச்சுக்கொண்டு கண்ணாடியப் பாருங்கோ. மேல்பல்லு கீழ்ப்பல்லை விட்டு கனக்க முன்னுக்கு நிண்டா பிழை நாடியில இல்லாம, கீழ்த்தாடையே பின்னுக்கு நிக்கிறதா இருக்கலாம். அதுக்கு சிலிக்கன் வைச்சா ஓட்டைப் பானைக்கு பெயின்ற் அடிச்ச மாதிரி. எனக்கு அப்பிடித்தான், பல்லுக்கு கம்பி போட்டு, பிறகு ஒப்பரேசன் செய்துதான் தாடைய முன்னுக்கு எடுத்தவை. கடி சரியெண்டா சிலிக்கன் வைக்கலாம், இல்லாட்டி சொந்த நாடி எலும்பையே வெட்டி முன்னுக்கு தள்ளி டைட்டேனியம் பிளேட் போடலாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில ஓஎம்எஃப் (வாய், தாடை, முக ஒப்பரேசன்) கிளினிக் இருக்கு, கொழும்புக்கு ஓட முதல் அங்க காட்டுங்கோ.

முத்தையன்கட்டு அண்ணை:
பிள்ளை, ஒண்டு கேக்கிறன். 2009 சண்டை நேரம் உங்களுக்கு பத்து வயசளவில இருந்திருக்கும். நாடி அடிபட விழுந்தனீங்களோ? சின்ன வயசில காதுக்கு முன்னால இருக்கிற தாடை மூட்டு உடைஞ்சா அந்தப் பக்கம் வளராமப் போகலாம், அப்ப ஆர் எக்ஸ்ரே எடுத்தது. முகத்தில செல் பீஸ் (செல் வெடிச்ச இரும்புத் துண்டு) ஏதும் கிடந்தா அதையும் டொக்டரிட்ட சொல்லோணும், எம்ஆர்ஐ எடுக்கிறதெண்டா கட்டாயம்.

கண்டாவளை26:
அண்ணை, பங்கருக்குள்ள குதிக்கேக்க மரக்குத்தியில நாடி அடிபட்டது, தழும்பு இப்பவும் கிடக்கு. நீங்கள் எழுதினத வாசிச்சிட்டு கண்ணாடிக்கு முன்னால வாயத் திறந்து பாத்தன், தாடை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகுது. அம்மாட்ட கேட்டன் அப்ப எந்தப்பக்கம் வீங்கினதெண்டு. இடப்பக்கமாம்.