தண்ணீர் வைத்தும் சின்னப் பறவைகள் இறங்கவில்லை

கேள்வி: 40 செ.மீ. பிளாஸ்டிக் பேசினில் 12 செ.மீ. தண்ணீர் விட்டு, செடிப் புதரை ஒட்டி வைத்திருக்கிறது. காக்கை மட்டும் விளிம்பில் நின்று குடிக்கிறது. சின்னப் பறவைகள் எட்டிப் பார்ப்பதோடு சரி. எதை மாற்றுவது?

பதில் 1: ஆழம்தான் கோளாறு. ஓரத்தில் 1-2 செ.மீ., நடுவில் 5 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு நல்லது, ஆனால் பளபளப்புப் பூசியது வேண்டாம். ஈரத்தில் கால் வழுக்கும். நடுவில் சொரசொரப்பான தட்டைக் கல் ஒன்று, முதுகு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்படி. விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் காக்கை உட்கார்ந்ததும் கவிழும்.

பதில் 2: சிமெண்டிலும் வார்க்கலாம். ஈர மணலைக் குவித்து பிளாஸ்டிக் தாள் விரித்து, 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல் கலவையை 4 செ.மீ. கனத்தில் அப்புங்கள். 7 நாள் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். அதனால் இன்னும் ஒரு வாரம் தினமும் தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட வேண்டும்.

பதில் 3: புதரை ஒட்டியா? பூனைக்கு அது பதுங்குமிடம். 2-3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொசுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

பதில் 3: கூடவே கூடாது, இறகில் ஒட்டினால் குளிரும் ஈரமும் உள்ளே போகும். 2 நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி தண்ணீர் மாற்றினால் புழு கொசுவாக நேரமே இருக்காது. சோப்பும் வேண்டாம், பிரஷ் போதும்.