மெட்ரிக் டான்ஸ் முடிந்த பின் தங்க அழைக்கிறான்: மகள் எப்படி மறுப்பது?

சாட்ஸ்வொர்த் தாய்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அதே பள்ளியில் மெட்ரிக் (இங்கே தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பையன் ஒருவன் அவளைத் தன் மெட்ரிக் டான்ஸுக்கு, அதாவது பள்ளி இறுதியாண்டு நடன விருந்துக்கு, துணையாக அழைத்திருக்கிறான். அவனுக்கு 18 நிறைந்துவிட்டது. விருந்து முடிந்ததும் நண்பர்கள் சேர்ந்து உம்லாங்காவில் ஒரு ஃபிளாட் எடுத்து இரவு தங்கப்போவதாகவும், அவளும் கட்டாயம் வரவேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் நச்சரித்துக்கொண்டிருக்கிறான். "எல்லா ஜோடிகளும் வருகிறார்கள், நீ மட்டும் ஏன் சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறாய்?" என்ற செய்தியை அவளே என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை உடலுறவு வேண்டாம் என்று அவளே முடிவெடுத்திருக்கிறாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது, தோழிகளின் கேலியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவளுடைய கேள்வி. என் மாமியாரோ, போனைப் பிடுங்கிப் பூட்டி வை, டான்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறார். நம் வீடுகளில் இதையெல்லாம் வாய்விட்டுப் பேசிப் பழக்கமில்லை. பிள்ளை தானாக வந்து கேட்கும்போது என்ன சொல்லிக்கொடுப்பது?

பீனிக்ஸ் செவிலி:

அக்கா, போனைப் பிடுங்காதீர்கள். காட்டியதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த செய்தியை அவள் உங்களிடம் காட்டப்போவதில்லை.

அவளுடைய முடிவு நல்ல முடிவு. உறுதியாகக் கடைப்பிடித்தால் கர்ப்பத்தைப் பற்றிய கவலையே இல்லை. ஆனால் எது வரைக்கும் சரி, எது வேண்டாம் என்பதை இப்போதே தெளிவாக யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழு உடலுறவு மட்டும்தான் கணக்கு என்று நினைக்கும் பிள்ளைகளைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். ஹெர்பீஸும் (கொப்புளங்களை உண்டாக்கும் பால்வினைத் தொற்று) எச்பிவியும் (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) தோலோடு தோல் படுவதாலேயே தொற்றக்கூடியவை. எச்பிவி தடுப்பூசி 2014 முதல் அரசுப் பள்ளிகளில் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது. உங்கள் மகள் போட்டுக்கொண்டாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகி இருக்கிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு ஆணுறை பற்றி எதற்கு என்று மாமியார் கேட்கக்கூடும். விலகி இருத்தலை மட்டுமே போதித்த திட்டங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவின்பேரில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பாடம் கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் உடலுறவைத் தொடங்கினார்கள் என்று காட்டியது. ஆகவே முடிவையும் மதியுங்கள், தகவலையும் கொடுங்கள். நம் நாட்டுக் குழந்தைகள் சட்டப்படி 12 வயதானவர் ஆணுறை கேட்டால் மறுக்கக் கூடாது என்பதால், வெளியில் அவளுக்கு அது எப்படியும் கிடைக்கும். அம்மா வாயிலாகவே தெரிந்துகொண்டால் நல்லதுதானே. அவள் விருப்பத்துக்கு மாறாக ஏதாவது நடந்துவிட்டால், எச்ஐவி வராமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். தேவைப்படாது என்றே நம்புவோம். ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:

நான் பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் நடத்துகிறேன். மறுப்பது எப்படி என்று பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் வாய்திறந்து சொல்லிப் பழகாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் குரல் எழும்புவதில்லை. நீங்கள் அந்தப் பையனாக நடியுங்கள், அவள் பதில் சொல்லட்டும். முதலில் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

புரட்டாசியில் நம் பிள்ளைகள் நண்பர் வீட்டு பிராய்க்கு (இறைச்சியை நெருப்பில் சுட்டுச் சாப்பிடும் விருந்து) போய், "நான் இந்த மாதம் சாப்பிடமாட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை, இவர்களும் மன்னிப்புக் கேட்பதில்லை. அதே தொனிதான் இங்கேயும் வேண்டும். "டான்ஸுக்கு வருகிறேன், தங்க வரமாட்டேன். இது நான் எடுத்த முடிவு" என்றால் போதும். காரணங்களை அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். "என்மேல் அன்பிருந்தால் வருவாய்" என்றால், "அன்பிருந்தால் நீ இதைத் திரும்பத் திரும்பக் கேட்கமாட்டாய்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும்.

வீட்டுக்குத் திரும்ப வண்டியை அவனிடம் விட்டுவிடாதீர்கள். எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப்போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவள் போனில் ஒரு குறிப்பிட்ட சொல்லை அனுப்பினால், நீங்கள் உடனே அழைத்து "இப்போதே கிளம்பு" என்று அதட்ட வேண்டும். பழி உங்கள்மேல் விழட்டும்.

சட்டத்தையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். சம்மத வயது 16. 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, 12 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள் தங்களுக்குள் விரும்பி உறவு கொள்வது குற்றமல்ல என்றாகிவிட்டது; ஆனால் 18 நிறைந்த ஒருவன் 15 வயதுப் பெண்ணோடு உறவு கொண்டால், அவளே சம்மதித்தாலும் அது குற்றம். இது அந்தப் பையனுக்கும் தெரியவேண்டிய விஷயம். அவன் படம் அனுப்பச் சொன்னாலும் அனுப்பக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பிறருக்கு அனுப்புவதும் இங்கே கடுமையான குற்றம்.

வெஸ்ட்வில் மாணவன்:

ஆண்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஆன்டி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அளந்த கதைகளில் பாதி வெறும் பீற்றல் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பையனையும் நண்பர்கள் உசுப்பிவிட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் மகள் சிரித்து மழுப்பினால், இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார் என்று அவனை ஏற்றிவிடுவார்கள். அதற்கு அவள் பொறுப்பில்லைதான். இருந்தாலும் நேராகச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிய வாய்ப்பிருக்கிறது. மறுத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பவனோடு டான்ஸுக்குப் போகவேண்டிய அவசியம் என்ன என்று நானாக இருந்தால் யோசிப்பேன்.

சாட்ஸ்வொர்த் தாய்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு சமையலறையில் நடித்துப் பார்த்தோம். மாமியார் கேட்டுக்கொண்டே வந்து, அந்தப் பையனாகத் தானே நடிப்பதாகச் சொல்லிவிட்டார். என்னைவிட அவருக்குத்தான் வம்பு செய்யத் தெரிகிறது. இன்னொரு கேள்வி: அந்தப் பையனின் அம்மாவை வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பார்ப்பேன். அவரிடம் சொல்லலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:

முதலில் மகளிடம் கேளுங்கள், அம்மா. அவளுக்குத் தெரியாமல் நீங்கள் பேசினால் அந்தச் செய்தி திங்கட்கிழமைக்குள் பள்ளி முழுவதும் பரவிவிடும். அவள் தெளிவாக மறுத்த பிறகும் அவன் வற்புறுத்தினாலோ, படம் கேட்டாலோ, மிரட்டினாலோ, அவள் சம்மதத்துக்குக் காத்திராமல் நீங்களே தலையிடுங்கள், செய்திகளை அழித்துவிடாதீர்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஏதாவது இருந்தால் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்டுலைனுக்கு அவளே பேசட்டும். எண் 116, கட்டணம் கிடையாது.