ஹாப்ட்ஃபெர்முட்டுங் பொய்த்தபின் ஹோமாலஜியை எப்படி நம்புவது?

கேள்வி:
எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். வெளியை முக்கோணம், நான்முகி போன்ற சிம்ப்ளெக்ஸ்களாக வெட்டி ஹோமாலஜி (வெளியிலுள்ள ஓட்டைகளைக் கணக்கெடுக்கும் குழுக்கள்) கணக்கிடுகிறோம். வேறு மாதிரி வெட்டினால் விடை மாறாதா? இரண்டு வெட்டுகளையும் இன்னும் பொடியாக வெட்டினால் ஒரே அமைப்புக்கு வந்து சேரும் என்பதுதான் 1908இல் ஸ்டைனிட்ஸும் டீட்ஸேயும் முன்வைத்த ஹாப்ட்ஃபெர்முட்டுங், அதாவது 'முதன்மை ஊகம்'. அதை 1961இல் மில்னர் உடைத்துவிட்டார். அப்படியானால் நாங்கள் போடும் கணக்கு?

பதில் 1:
கவலை வேண்டாம். ஹோமாலஜி வெட்டைப் பொறுத்ததல்ல என்பதை 1915இலேயே அலெக்சாண்டர் இந்த ஊகத்தின் துணையில்லாமல் நிரூபித்துவிட்டார். சிம்ப்ளெக்ஸிலிருந்து வெளிக்குப் போகும் எல்லாத் தொடர்ச்சியான சார்புகளையும் கொண்டு கணக்கிடும் சிங்குலர் ஹோமாலஜியில் வெட்டுகிற வேலையே கிடையாது.

பதில் 2:
இதை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மில்னரின் கட்டுரையைப் பார்த்து மிரளாதீர்கள். சூட்சுமம் எல்லாம் ஒரே ஒரு புள்ளியில் இருக்கிறது.

L(7,1), L(7,2) என்ற லென்ஸ் வெளிகளை (முப்பரிமாணக் கோளம் S³-ஐ ஏழு படிச் சுழற்சியால் மடித்துக் கிடைப்பவை) எடுங்கள். 3² = 9, ஏழால் வகுத்தால் மீதி 2; அதனால் இரண்டும் ஹோமோடோபியில், அதாவது சுருக்கி விரிக்கும் தளர்வான கணக்கில், சமம். ஆனால் ஹோமியோமார்ஃபிக் (இரு பக்கமும் தொடர்ச்சியாக ஒன்றுக்கொன்று பொருத்தக்கூடியவை) அல்ல. இரண்டையும் n பரிமாண யூக்ளிடிய வெளியான Rⁿ-ஆல் பெருக்குங்கள், n குறைந்தது 3. வேறுபாடு மறைந்துவிடும், இது மேஸர் காட்டியது. அப்புறம் முடிவிலியில் ஒரு புள்ளி சேர்த்து மூடினால் கிடைப்பவை ஹோமியோமார்ஃபிக். ஆனால் அவை தம் லென்ஸ் வெளிகளிலிருந்து கொண்டுவந்த வெட்டுகளுக்குப் பொதுவான நுண்வெட்டு கிடையாது. வெட்டிலிருந்து கணக்கிடும் ரைடமைஸ்டர் டார்ஷன் என்ற அளவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவிலியில் சேர்த்த அந்தப் புள்ளியருகே வெளி மேனிஃபோல்ட் (எந்தப் புள்ளியருகேயும் யூக்ளிடிய வெளி போலிருப்பது) அல்ல. "இது சீட்டிங்" என்று மாணவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். மேனிஃபோல்ட்களில் 3 பரிமாணம் வரை ஊகம் சரி. மூன்றுக்கு நிரூபித்தவர் மோய்ஸ். ஐந்து முதல் அங்கேயும் பொய்க்கும் என்று 1969இல் கிர்பியும் சீபென்மானும் காட்டினார்கள்.

கேட்டவர்:
சார், இரண்டு லென்ஸ் வெளிகளுக்கும் ஹோமாலஜி ஒன்றுதானே? முதல் ஹோமாலஜிக் குழு H₁ இரண்டிலும் Z/7, ஏழு உறுப்புச் சுழற்சிக் குழு. டார்ஷன் மட்டும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது?

பதில் 2:
அது லென்ஸ் வெளியை ஏழு மடங்காகப் போர்த்தும் S³-இன் செயின்களில் (வெட்டுத் துண்டுகளின் கூட்டல்களில்) டிடர்மினன்ட் எடுக்கிறது. அந்த ஏழு உறுப்புக் குழு அங்கே எப்படிச் சுழற்றுகிறது என்பது விடையில் தங்கிவிடும். கால்குலேட்டரிலேயே பாருங்கள்: ζ என்பது 1-இன் ஏழாம் மூலம், ஆனால் 1 அல்ல. டார்ஷனின் அளவு L(7,1)-க்கு |ζ−1|²: மூலத்தைப் பொறுத்து 0.753, 2.445, 3.802. L(7,2)-க்கு |ζ−1||ζ²−1|: 1.357, 3.049, 1.692. ஒன்றுகூடப் பொருந்தவில்லை, பாருங்கள்.